முத்தாயியின் சடை

"இது என்னம்மா?" என்று டப்பாவைத் தட்டிக் கேட்டார் சுங்க அதிகாரி.

"முடி" என்றேன்.

"என்ன முடி?"

"தலைமுடி. எங்கம்மாவோட தோழி முடி."

அது பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றிக் கற்பூரம் போட்டு வைத்த நீளச் சடை. அவர் துணியை விலக்கிப் பார்த்தார். நெடி ஏறித் தும்மினார். "சவுரியா?" என்று அவரே ஒரு பெயரைக் கொடுத்தார். நானும் பிடித்துக்கொண்டேன். "ஆமாங்க, சவுரிதான்." போகலாம் என்று கையைக் காட்டினார். மலேசியாவில் ஈப்போ நகரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து, பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தே ஓய்வு பெற்றவள் நான். இந்தியாவில் கால் வைத்ததும் செய்த முதல் காரியம் இதுதான்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அந்தச் சடைக்குச் சொந்தக்காரர் முத்தாயி. அவரும் என் அம்மாவும் பேராக்கில் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர்கள். ஜப்பான்காரன் காலத்தில், வெள்ளைக்காரனை எதிர்த்துப் போரிடப் பெண்களுக்கென்றே ஒரு படை திரட்டியபோது இரண்டு பேரும் போய்ப் பெயர் கொடுத்தார்கள். இருவருக்கும் பதினேழு வயது. முகாமில் முதல் வேலையாக முடியை ஒட்ட வெட்டினார்களாம். இடுப்புக்குக் கீழே தொங்கிய முத்தாயியின் சடையைத் தரையில் விட்டுவர அம்மாவுக்கு மனசு வரவில்லை. "உன் கல்யாணத்துக்குச் சவுரி வேணும்டி" என்று சுருட்டி எடுத்து, பார்க்க வந்த அத்தையிடம் தோட்டத்துக்குக் கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அந்தப் பெண்கள் பெரிதாகச் சண்டை போடவில்லை என்று புத்தகம் படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பர்மாவிலிருந்து படை பின்வாங்கியபோது, மேலே விமானம் சுட்டுக்கொண்டு வர, காலில் குண்டுச் சில்லு பாய்ந்த என் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்தவர் முத்தாயி. துப்பாக்கியைக் கீழே போடு, பாரம் குறையும் என்று அம்மா கெஞ்சியிருக்கிறார். "ரெண்டையும் போட மாட்டேன்" என்றாராம். அவர் இறக்கி வைத்துவிட்டு நடந்திருந்தால் இதை எழுத நான் பிறந்திருக்க மாட்டேன்.

படை கலைந்ததும் முத்தாயியின் அப்பா சிங்கப்பூருக்கே வந்து மகளைக் கப்பலேற்றி ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். பிரியும்போது முத்தாயி ஒரு சத்தியம் வாங்கினார். பட்டாளத்தில் இருந்தது ஊரில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் எவனும் கட்ட மாட்டான், அப்பா தலை நிமிர முடியாது. அம்மா சாகும்வரை வாக்கைக் காப்பாற்றினார். கடைசி நாட்களில் என்னிடம் சொன்னது இதுதான்: "சடையை அவ கையில குடு. அவ இல்லேன்னா, அவ யாருகிட்ட உண்மையைச் சொன்னாளோ அவங்ககிட்ட மட்டும் குடு. யாருகிட்டயும் சொல்லலேன்னா திருப்பிக் கொண்டு வந்துரு."

சாமான் கொடுக்கப் போகிறவளுக்கு இப்படி ஒரு நிபந்தனை.

மதுரையில் கோச்சடையில் ஜெசிந்தா டீச்சர் வீட்டில் தங்கினேன். ஒரு ஆசிரியர் கூட்டத்தில் பழக்கமானவர். மேலூரில் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் விசாரித்துத்தான் முத்தாயியின் வீட்டைக் கண்டுபிடித்தார். மேலூருக்கு அப்பால் செங்கரைப்பட்டி. ஊரில் அதற்கு இன்றைக்கும் பினாங்குக்காரி வீடு என்றே பெயராம். முத்தாயி காலமாகிப் பல வருஷமாகிவிட்டது. மகள் பாக்கியம் இருக்கிறார். பாக்கியத்தின் மகள் செல்வி, டீச்சரிடம் படித்தவள். செல்விக்கு ஒரே பெண், கயல்.

"நான் ஒண்ணும் சொல்லல. பாட்டியோட பழைய சிநேகிதி மக வாராங்கன்னு மட்டும் போன்ல சொன்னேன்" என்றார் டீச்சர். எனக்குப் போட்ட மெத்தைக்கு மேலே சுவரில் மாதா படம். டப்பாவை அதற்குக் கீழே மேசையில் வைத்துவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் முழுக்க வெயில் பார்க்காமல் சுற்றினேன். சாயங்காலம் காளவாசலில் சாலையைக் கடக்க நின்ற நேரத்தில் எங்கள் ஊரில் ஒரு சினிமா பார்த்துவிடலாம். கடைசியில் டீச்சர் என் கையைப் பிடித்து, பஸ்ஸுக்குக் குறுக்கே நடந்தே கூட்டிப் போனார். பஸ்தான் நின்றது. கடையில் பரோட்டா. எங்கள் ரொட்டி சானாயை மெல்லிசாக வீசி மடிப்பார்கள். இங்கே சுருட்டி, சுட்டு, அடித்து நொறுக்கித் தருகிறார்கள். பக்கத்து மேசையில் ஒருவர், "அண்ணே, இம்புட்டு சால்னா எப்பிடிண்ணே பத்தும்?" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நியாயமான சண்டை. எனக்கும் பத்தவில்லை.

மூன்றாம் நாள் தனியாக மேலூருக்குக் கிளம்பினேன். டீச்சருக்கு முட்டிவலி. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, டப்பாவைத் தலைக்கு மேலே இருந்த கம்பித்தட்டில் வைத்தேன். இரண்டு பக்கமும் வயல், அதற்குப் பின்னால் பாதி அறுத்த மலைகள், கல் ஏற்றிய லாரிகள். மேலூர் வந்ததும் இறங்கி ஒரு டீ குடித்தேன். பாதி டம்ளரில்தான் இன்னொரு கை காலியாக இருப்பது தெரிந்தது. பஸ் திருச்சிப் பக்கம் போய்விட்டது.

எண்பது வருஷம் அம்மா காத்த பொருளை நான் மூன்று நாளில் தொலைத்துவிட்டேன். நடு பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போட்டு அழுதேன். ஒரு ஆட்டோக்காரர் வந்து, "என்னக்கா தொலைச்சீக? நகையா?" என்றார். பஸ்ஸில் விட்ட சிவப்பு டப்பா என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. போனை எடுத்தார். "மாப்ள, உன் கடைப் பக்கம் மதுரை வண்டி ஒண்ணு வரும். மறிச்சு நிப்பாட்டு. செவப்பு டப்பா. நான் வாரேன்" என்றார். விரட்டிக்கொண்டு போனோம். ஒரு பெட்டிக்கடை வாசலில் பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே அத்தனை பேரும் என்னைத் திட்டத் தயாராக இருந்தார்கள். கண்டக்டர் ஜன்னல் வழியாக டப்பாவை நீட்டினார். "மடியில வச்சுக்கங்கக்கா. மேல வைக்கிற சாமானா இது, இம்புட்டு அழுகுறீக?"

அதன்பின் அது என் மடியை விட்டு இறங்கவில்லை.

செங்கரைப்பட்டியில் பாக்கியம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. "வாங்கத்தா, வாங்க. எங்காத்தா கூட்டாளி மகளா? எங்காத்தா ஒருநாக்கூட அந்த ஊரைப் பத்தி வாயத் தொறந்ததில்லையே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வந்த வேலைக்கு வாசலிலேயே பதில் கிடைத்துவிட்டது. முத்தாயி யாரிடமும் சொல்லவில்லை. டப்பா திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஒருகாலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இப்போது கொஞ்சம் சொந்த நிலம், மாடி வீடு, செல்விக்கு அங்கன்வாடியில் வேலை. நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கோழியைப் பற்களே தேவையில்லாமல் சாப்பிடலாம். இந்தக் கோழியோடு கொஞ்சம் போராட வேண்டியிருந்தது, ஆனால் குழம்பின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. பரிமாறிய செல்விக்கு முகம் சரியில்லை. மூலையில் ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு முழுக்க முடி. அழுது ஓய்ந்த முதுகு என்பது பின்னால் இருந்து பார்த்தாலே தெரிந்தது.

"அதுதான் கயலு. நாளைக்கு அழகர்கோயில்ல முடி இறக்குறோம். நீங்களும் வாங்க" என்றார் பாக்கியம்.

"வேண்டுதலா?"

"எங்க வீட்டு வேண்டுதல். எங்காத்தா மலேயாவுல சண்டைக்குள்ள மாட்டிக்கிட்டப்போ எங்க தாத்தா பதினெட்டாம்படிக் கருப்புக்கு நேந்துக்கிட்டாரு. மக உசுரோட வந்தா முடி தாரேன், அவ வழியில பொறக்குற பொம்பளப் பிள்ளைக எல்லாம் பதினேழுல முடி தருவாகன்னு. எங்காத்தா ஊருக்குள்ள வரும்போதே மொட்டையாத்தான் வந்துச்சாம். நேரா கோயிலுக்குப் போயி இறக்கிட்டுத்தான் வந்தாக. நான் குடுத்தேன். செல்வி குடுத்தா. இப்ப இவ."

எடுத்த கவளத்தை இலையில் வைத்தேன். எல்லாம் புரிந்துவிட்டது. ஆம்பளை மாதிரி வெட்டிய தலையோடு வந்த மகளை ஊர் என்ன கேட்கும் என்று அந்த மனிதர் பயந்திருக்கிறார். வழியிலேயே கோயிலில் மொட்டை போட்டுவிட்டார். கேட்டவர்கள் நம்ப வேண்டுமே என்று நேர்த்திக்கடனைப் பெரிதாக்கி, பிறக்காத பெண்களின் தலைகளையும் சேர்த்துவிட்டார். கருப்பு பெயரில் சொன்னால் இந்தப் பக்கத்தில் எவன் மறுத்துப் பேசுவான்?

கயல் திரும்பினாள். "அடுத்த வாரம் காலேஜ் ஹாஸ்டல்ல சேரணும். மொட்டைத் தலையோட எப்பிடிப் போவேன்? நீங்களாவது சொல்லுங்க டீச்சரம்மா."

"வாய மூடுடி" என்றாள் செல்வி. கோபமில்லை அதில், பயம். "உங்க சித்தி கதை தெரியும்ல?"

அந்தக் கதையைப் பாக்கியமே சொன்னார். செல்விக்கு ஒரு தங்கை, தனம். அவளும் பதினேழில் இப்படித்தான் முடி தர மாட்டேன் என்று அழுதாள். முத்தாயி அப்போது உயிரோடு இருந்தார். "பிள்ளைய விட்ருடி. கருப்பு கேக்க மாட்டான்" என்று மகளிடம் சொன்னார். பாக்கியம் விட்டுவிட்டார். அந்த வருஷமே மஞ்சள்காமாலை வந்து தனம் போய்விட்டாள்.

"எங்காத்தா பேச்சக் கேட்டு என் பிள்ளையப் பறிகுடுத்தேன். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் எங்காத்தாகிட்ட நான் பேசல. கஞ்சி ஊத்துனேன், குளிப்பாட்டுனேன். பேசல. அதுவும் ஒண்ணும் சொல்லல." பாக்கியம் என் இலையில் இன்னொரு துண்டு கறி வைத்தார்.

முத்தாயி ஏன் அப்போதாவது உடைத்துப் பேசவில்லை? பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய், அந்த நேர்த்திக்கடனே பொய், உன் தலையையும் வீணாகத்தான் சிரைத்தோம் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ. எனக்குத் தெரியாது. அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே டப்பாவைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். மூடியைத் திறந்தால் அம்மாவின் வாக்கு போகும். திறக்காவிட்டால் ஒரு பெண்ணின் முடி போகும். முடி வளர்ந்துவிடும், வாக்கு வளராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மகளைக் கொன்றவள் என்று ஒரு தாய் தன்னையே நினைத்துக்கொண்டு இருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

காலையில் பஸ்ஸில் அழகர்கோயில் போனோம். மலையடிவாரம், மரத்துக்கு மரம் குரங்கு. ஒன்று என் டப்பாவை பிஸ்கட் என்றே நம்பிக் கூடவே வந்தது. புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். பதினெட்டாம்படிக் கருப்புக்கு அங்கே சிலை கிடையாது. பெரிய கதவுகள்தான் சாமி. பூட்டிய கதவு, அதில் சந்தனம் பூசி மாலை போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்ய ஒருவருக்கும் துணிச்சல் வராதாம். எங்கள் ஊர்க் கோயில்களில் சாமி சிரித்த முகமாக இருக்கும். இங்கே முகமே காட்டாத சாமியிடம் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

முடி இறக்கும் இடத்தில் கயலை உட்கார வைத்தார்கள். கத்தியோடு இருந்தவர் அவள் தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார். அவள் அழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சேலை முந்தானையை ஒரு கையால் பிடித்திருந்தாள். பிடித்தது என் முந்தானை. டப்பாவை மூடியிருந்த முந்தானை.

பதினேழு வயதில் முகாமில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணை நினைத்தேன். அவர் விரும்பிக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கருப்பு கேக்க மாட்டான். முத்தாயி மகளிடம் அதைச் சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை என்று நான் நினைத்தது தவறு. பாதியைச் சொல்லியிருக்கிறார். மீதி என் கையில் இருந்தது. அம்மா போட்ட நிபந்தனைக்கு இது போதும்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன் கத்திக்காரரிடம். சத்தம் வகுப்பறைச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்தில் மொட்டை போட்டுக்கொண்டிருந்த ஆளும் திரும்பிப் பார்த்தார்.

பாக்கியத்தைத் தூணோரம் உட்கார வைத்தேன். டப்பாவை அவர் மடியில் வைத்துத் திறந்தேன்.

"இது உங்காத்தா முடி. கருப்புக்குக் குடுக்கல. அதுக்கு முன்னாடியே குடுத்தாச்சு" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னேன். முகாம், துப்பாக்கி, நடை, ஆறு, என் அம்மாவைச் சுமந்த முதுகு, சிங்கப்பூரில் வாங்கிய சத்தியம், தாத்தாவின் பயம். "அப்படி ஒரு நேர்த்திக்கடனே இருந்ததில்லை பாக்கியம். ஊர் வாயை மூடச் சொன்ன கதை அது. உங்காத்தாவுக்கு அது தெரியும். அதனாலதான் தனத்தை விட்டுரச் சொன்னாங்க. உங்க பிள்ளையைக் கொண்டுபோனது காமாலை."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாக்கியம் சடையை எடுத்தார். நுனியில் அம்மா கட்டிய சிவப்பு நூல் நிறம் மங்கி அப்படியே இருந்தது. அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தார். கற்பூரத்தைத் தவிர ஒன்றும் இருந்திருக்காது. பிறகு கயலைக் கூப்பிட்டு, ஈர முடியோடு அவளைப் பக்கத்தில் நிறுத்தி, அவள் தலைமுடிக்குப் பக்கத்தில் அந்தச் சடையை வைத்துப் பார்த்தார். ஒரே சுருள்.

எழுந்து நேராகக் கதவுக்கு முன்னால் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். கும்பிடவில்லை. சந்தனம் பூசிய கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். வரிசையில் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"வருசா வருசம் வந்து உங்கிட்ட மன்னிப்புக் கேட்டேனே" என்றார் மெதுவாக. "அப்ப நீ எங்க முடியக் கேக்கவே இல்லையாப்பா?"

அங்கேயே உட்கார்ந்து அழுதார். "ஆத்தா, ஒரு வார்த்தை உங்கிட்டப் பேசலையே, ஒரு வார்த்தை பேசலையே" என்று சடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். செல்வி அவர் மடியில் விழுந்து, "தனம், தனம்" என்று அழுதாள். நானும் அழுதேன். யாரும் எங்களை எழுப்பவில்லை. அந்தக் கதவு முன்னால் அழுகிறவர்கள் கோயில்காரர்களுக்குப் புதிதில்லை போலிருக்கிறது.

செல்விதான் முதலில் தெளிந்தாள். சடையைக் கோயிலிலேயே காணிக்கையாகச் சேர்த்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். இத்தனை வருஷப் பயம் ஒரே காலையில் போய்விடுமா?

"வேணாம்மா" என்றாள் கயல். "முத்தாயிப் பூட்டி எதுக்குக் குடுக்கணுமோ அதுக்குக் குடுத்துட்டாங்க. மறுபடி ஏன் குடுக்கணும்?"

பாக்கியம் பேத்தியைப் பார்த்தார். சடையைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.

கோயிலில் தரும் தடித்த தோசையை வாங்கி, திரும்பும் பஸ்ஸில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்றோம். மிளகு தூக்கலாக இருந்தது. கயல் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். பூட்டிக்குச் சுடத் தெரியுமா, பூட்ஸ் போட்டாங்களா, ஆறு எம்புட்டு ஆழம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆற்றின் ஆழம் மட்டும் தெரியவில்லை. அம்மா முதுகில் இருந்தார், அவருக்கும் தெரிந்திருக்காது.

செங்கரைப்பட்டியில் இறங்கித் தெருவுக்குள் நடந்தபோது வெயில் ஏறியிருந்தது. கயலின் முடி காய்ந்து, முதுகில் விரிந்து கிடந்தது. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன பாக்கியக்கா, முடி இறக்கலையா? கருப்புக்குக் குடுக்க வேண்டியதாச்சே?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். முத்தாயி வாங்கிய சத்தியம் அந்தத் தெருவுக்குத்தான். இந்தக் குழாயடிக்குத்தான்.

பாக்கியம் நின்றார். முந்தானையை இழுத்துச் செருகினார். கடைசி வீடுவரை கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"எங்க முடி எங்ககிட்ட இருக்கும். எங்காத்தா பட்டாளத்துல இருந்தவ. துப்பாக்கி பிடிச்சவ. எல்லாருக்கும் சேர்த்து அங்கேயே குடுத்துட்டு வந்துட்டா."